ரெக்ரூட்டருக்குப் பிள்ளையின் எண்ணைக் கொடுக்கலாமா? அமெரிக்கப் பள்ளிப் பெற்றோருக்கு உள்ள வழிகள்

அமெரிக்காவில் பிள்ளை 11ஆம் வகுப்புக்குப் போனதும் பல வீடுகளுக்கு ஒரு புது வகைத் தொலைபேசி அழைப்பு வரத் தொடங்கும். பேசுகிறவர் பிள்ளையின் பெயரையும் பள்ளியின் பெயரையும் சொல்லி, பள்ளி முடிந்ததும் என்ன திட்டம் என்று மரியாதையாகக் கேட்பார். அவர் தரைப்படை, கடற்படை, மரைன் கோர் என ஏதோ ஒன்றுக்கு ஆள் சேர்க்கும் ரெக்ரூட்டர். எண் எப்படிக் கிடைத்தது என்று கேட்டால், பள்ளி கொடுத்தது என்பார். அது உண்மைதான். சட்டப்படியும் சரிதான்.

இங்கே வாழும் தமிழ்க் குடும்பங்களில் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் இரண்டு பதில்கள் வருகின்றன. "நம்ம பசங்க எங்க ஆர்மிக்குப் போகப் போறாங்க" என்று சொல்லி அப்படியே விட்டுவிடுவது ஒன்று. பயந்துபோய், பள்ளிப் படிவத்தில் இருக்கும் எல்லாப் பெட்டியிலும் 'தர வேண்டாம்' என்று குறித்துவிடுவது இன்னொன்று. இரண்டுமே யோசிக்காமல் எடுக்கும் முடிவுகள். நடுவில் இன்னும் சில வழிகள் இருக்கின்றன. எதைத் தேர்ந்தால் என்ன கிடைக்கும், என்ன போகும் என்று பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

முதலில் சட்டம். 2002 ஜனவரியில் கையெழுத்தான 'நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்' கல்விச் சட்டத்தில் 9528 என்று ஒரு பிரிவு இருந்தது. மத்திய அரசின் கல்வி நிதியை வாங்கும் உயர்நிலைப் பள்ளிகள், ரெக்ரூட்டர் கேட்டால் மாணவர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும் என்றது அது. கல்லூரிகளுக்கும் வேலை தரும் நிறுவனங்களுக்கும் பள்ளிக்குள் வர எவ்வளவு இடம் தருகிறார்களோ, அதே இடத்தை ரெக்ரூட்டருக்கும் தர வேண்டும் என்றும் சொன்னது. அதற்கு முன் பல பள்ளிகள் அவர்களை வாசலிலேயே நிறுத்திவந்தன. 1999ஆம் ஆண்டில் மட்டும் 19,000 முறைக்கு மேல் பள்ளிகள் தங்களுக்கு அனுமதி மறுத்ததாகப் ராணுவத் தலைமையகமான பெண்டகன் கணக்குச் சொன்னது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஒரு கல்விச் சட்டத்துக்குள் இந்த ராணுவப் பிரிவு நுழைந்தது. 2015 டிசம்பரில் பழைய சட்டம் போய் 'எவ்ரி ஸ்டூடண்ட் சக்சீட்ஸ்' சட்டம் வந்தபோது, பிரிவின் எண் 8528 என்று மாறியது. உள்ளடக்கம் ஏறக்குறைய அப்படியே தொடர்ந்தது. பிறகு பள்ளி தரும் மின்னஞ்சல் முகவரியும் கொடுக்க வேண்டியவற்றில் சேர்ந்துகொண்டது.

அதே பிரிவு பெற்றோருக்கும் ஓர் உரிமை தருகிறது. என் முன்அனுமதி இல்லாமல் பிள்ளையின் விவரத்தைக் கொடுக்காதீர்கள் என்று பெற்றோர் எழுதிக் கொடுத்தால் பள்ளி கொடுக்கக் கூடாது. பிள்ளைக்கு 18 வயது ஆனதும் இந்த உரிமை பிள்ளையிடம் போய்விடும். இப்படி ஒரு உரிமை இருப்பதைப் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டியதும் பள்ளியின் கடமை. ஆனால் சட்டம் ஒன்றைத் தெளிவாகத் தடுக்கிறது: பெற்றோர் சம்மதித்தால் மட்டுமே கொடுப்போம் என்று பள்ளி தானாக முறையை மாற்றி வைத்துக்கொள்ள முடியாது. அதாவது, வாய் திறக்காமல் இருந்தால் சம்மதம் என்றே எடுத்துக்கொள்வார்கள். நாம் முடிவு செய்ய வேண்டியிருப்பது இதனால்தான்.

ஒன்றும் செய்யாமல் விடுவது

எல்லாருக்கும் இது தப்பான வழி என்று சொல்ல மாட்டேன். படையில் சேரலாமா என்று பிள்ளை உண்மையிலேயே யோசிக்கிறது என்றால், ரெக்ரூட்டர் தானாக அழைப்பது வசதிதான். படைவாழ்க்கையில் உள்ள பலன்களும் சின்னவை அல்ல. 9/11க்குப் பிந்தைய ஜி.ஐ. பில் என்ற கல்வி உதவித் திட்டம், மூன்று ஆண்டு முழுநேரச் சேவை செய்தவருக்கு, சொந்த மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகத்தில் 36 மாதப் படிப்புக்கான முழுக் கட்டணத்தையும் தருகிறது. கல்லூரிக் கடனில் மூழ்கும் இந்த நாட்டில் அது பெரிய விஷயம்.

ஆனால் அழைக்கிறவர் யார் என்பதை மறக்கக் கூடாது. அவர் பள்ளி ஆலோசகர் அல்லர். மாதா மாதம் இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்ற நெருக்கடியில் வேலை செய்கிறவர். 2022 நிதியாண்டில் தரைப்படை 60,000 பேரைச் சேர்க்க நினைத்து, 45,000 பேரோடு நின்றது. அப்படிப்பட்ட ஆண்டுகளில் அந்த நெருக்கடி எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அவர் நல்லவராகவே இருக்கலாம், பலர் அப்படித்தான் இருக்கிறார்கள். ஆனாலும் 16, 17 வயதுப் பிள்ளையின் கைப்பேசிக்கு, வீட்டில் யாருக்கும் தெரியாமல், பேசிப் பழகிய ஒரு பெரியவர் திரும்பத் திரும்பச் செய்தி அனுப்புவதை, பேசாமல் இருந்ததாலேயே நாம் அனுமதித்தோம் என்று ஆகக் கூடாது. அனுமதிப்பது என்றால் தெரிந்தே அனுமதிப்போம்.

இன்னொன்று. பள்ளி கொடுக்கும் பட்டியலில் குடியேற்ற நிலை இருக்காது. எச்-4 விசாவில் (வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கானது) இருக்கும் பிள்ளைக்கும் அழைப்பு வரும். ஆனால் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர் பொதுவாகப் படையில் சேர முடியாது. 2008இல் தொடங்கிய மாவ்னி என்ற திட்டம் மட்டும், தேவையான மொழி தெரிந்த தற்காலிக விசாக்காரர்களைச் சேர்த்தது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016இல் அதற்கு ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். ஆகவே எச்-4 குடும்பத்தில் இந்த அழைப்புகளால் குழப்பம்தான் மிஞ்சும், பயன் இல்லை.

ராணுவத்துக்கு மட்டும் மறுப்பது

நான் பெரும்பாலான குடும்பங்களுக்குச் சொல்வது இதைத்தான். பள்ளி மாவட்டத்துக்கு ஒரு சிறு கடிதம், அல்லது அவர்கள் படிவத்தில் ஒரு குறி. செலவு கிடையாது, காரணம் சொல்ல வேண்டியதில்லை. படிப்புக்கோ மதிப்பெண்ணுக்கோ ஒன்றும் ஆகாது. மறுத்துவிட்டுப் பிறகு பிள்ளையே ரெக்ரூட்டரைத் தேடிப் போனாலும் யாரும் தடுக்கப் போவதில்லை. படையின் கதவு அப்படியே திறந்துதான் இருக்கும். எப்போது பேசுவது, யார் முதலில் அழைப்பது என்பது மட்டும் நம் கைக்கு வருகிறது. அதனால்தான், படையை மதிக்கும் குடும்பங்களுக்கும் இந்த வழி பொருந்தும் என்கிறேன்.

கவனிக்க வேண்டிய இடம் படிவம். பல மாவட்டங்களில் இப்போது எல்லாம் இணையத்தில்தான். ஆகஸ்ட்டில் பள்ளிப் பதிவைப் புதுப்பிக்கும்போது, அவசரத் தொடர்பு எண், தடுப்பூசிச் சான்று, பேருந்து வழி, மடிக்கணினிக்கான பொறுப்புக் கையெழுத்து என்று பக்கம் பக்கமாக வரும். ராத்திரி பதினொரு மணிக்கு 'அடுத்து', 'அடுத்து' என்று தட்டிக்கொண்டே போவோம். அதில் ஏதோ ஒரு பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில், 'ராணுவ ஆள்சேர்ப்பு' என்று ஒரு பெட்டி இருக்கும். சில படிவங்களில் குறித்தால் கொடுக்காதே என்று பொருள், சிலவற்றில் குறித்தால் கொடு என்று பொருள். வேறு சிலவற்றில் ராணுவமும் கல்லூரிகளும் ஒரே பெட்டியில் இருக்கும். சட்டம் இரண்டையும் ஒரே பிரிவில் வைத்திருப்பதால் வந்த வினை இது. கல்லூரிகளுக்கு விவரம் போகட்டும், ராணுவத்துக்கு வேண்டாம் என்று உங்களுக்கு எண்ணம் இருந்தால், படிவம் அதற்கு இடம் தராவிட்டாலும் தனியாகக் கடிதம் எழுதலாம்.

கடிதத்தில் பிள்ளையின் பெயர், வகுப்பு, பள்ளி, பிறகு ஒரே ஒரு வாக்கியம் போதும்: பிரிவு 8528இன்படி என் முன் எழுத்து அனுமதி இல்லாமல் இந்த மாணவரின் பெயர், முகவரி, மின்னஞ்சல், தொலைபேசி எண் ஆகியவற்றை ராணுவ ரெக்ரூட்டர்களுக்குக் கொடுக்க வேண்டாம். தேதி, கையெழுத்து. பள்ளி அலுவலகத்துக்கு ஒரு பிரதி, மாவட்டத்துக்கு ஒரு பிரதி. மின்னஞ்சலிலும் அனுப்பிவிட்டுப் பதில் வரும்வரை விடாதீர்கள். பல மாவட்டங்கள் செப்டம்பர், அக்டோபரில் கடைசித் தேதி வைத்திருக்கின்றன. தேதி தாண்டிவிட்டாலும் எழுதுங்கள். இனிக் கொடுப்பதையாவது நிறுத்தலாம். ஏற்கெனவே போன பட்டியலைத் திருப்பி வாங்க முடியாது, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் பூட்டுவது

1974இல் வந்த ஃபெர்பா என்ற மாணவர் தனியுரிமைச் சட்டம், 'டைரக்டரி தகவல்' என்று ஒரு வகையை வைத்திருக்கிறது. பெயர், முகவரி, பிறந்த தேதி, பெற்ற பரிசுகள், விளையாட்டு அணி போன்றவற்றை, பெற்றோர் மறுக்காவிட்டால், பள்ளி வெளியாருக்குச் சொல்லலாம். இதை முழுதாக மறுத்தால் ரெக்ரூட்டர் வழியும் அடைபடும் என்று நினைத்துப் பலர் இந்தப் பெட்டியைக் குறிக்கிறார்கள்.

அடைபடும்தான், ஆனால் கூடவே வேறு பலவும் அடைபடும். ஆண்டு மலரில் படம் வராது. ஹானர் ரோல் பட்டியலிலும், பட்டமளிப்பு விழாக் கையேட்டிலும், நாடக நிகழ்ச்சி நிரலிலும் பெயர் விடுபடலாம். 12ஆம் வகுப்பின் கடைசி மாதத்தில் ஆண்டு மலர் கைக்கு வந்ததும் நண்பர்கள் படங்களுக்கு நடுவே தன் படம் இல்லை என்று ஒரு பெண் அழுதால், அதற்குக் காரணம் அப்பா ஆகஸ்ட்டில் பதறிப்போய்க் குறித்த பெட்டியாக இருக்கும். குடும்பத்தில் பாதுகாப்புப் பிரச்சினை இருக்கிறது, வீட்டு முகவரி யாருக்கும் தெரியக் கூடாது என்ற நிலை இருந்தால் இந்த வழி அவசியம். ரெக்ரூட்டர் அழைப்பை நிறுத்த மட்டும் இவ்வளவு தூரம் போக வேண்டாம். சில மாவட்டங்கள் டைரக்டரி மறுப்பையும் ராணுவ மறுப்பையும் தனித்தனியாகவே பார்க்கின்றன. உங்கள் மாவட்டத்தில் எப்படி என்று அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அஸ்வாப் தேர்வு

இதில்தான் நம் குடும்பங்கள் ஏமாறுவதை நான் அதிகம் பார்க்கிறேன். ஏனென்றால் மேலே சொன்ன எந்தக் கடிதமும் இதைத் தடுக்காது.

அஸ்வாப் என்பது படையில் யாரைச் சேர்க்கலாம், எந்த வேலைக்கு அனுப்பலாம் என்று பார்க்க ராணுவம் வைத்திருக்கும் திறனறித் தேர்வு. 1968 முதல் அதைப் பள்ளிகளிலும் நடத்துகிறார்கள். பள்ளியில் அதற்குப் பெயர் 'தொழில் ஆர்வ அறிதல் திட்டம்' என்பது போல இருக்கும். செலவில்லாமல் ஒரு தேர்வு, எந்தத் துறை உனக்குப் பொருந்தும் என்று சொல்லும், மூன்று மணி நேரம் வகுப்புக்குப் போக வேண்டாம். எந்தப் பிள்ளை வேண்டாம் என்று சொல்லும்? வீட்டுக்கு வந்து, "அம்மா, இன்னைக்கு ஒரு கரியர் டெஸ்ட் எழுதினேன்" என்று சொல்வதோடு சரி. விடைத்தாளிலேயே தனியுரிமை அறிவிப்பு இருக்கிறது, பிள்ளை கையெழுத்துப் போட்டுவிட்டு எழுதிவிடும். பெற்றோர் கையெழுத்தைக் கேட்பதில்லை.

மதிப்பெண்ணும் தொடர்பு விவரமும் ரெக்ரூட்டருக்குப் போகுமா என்பதைப் பெற்றோரோ பிள்ளையோ தீர்மானிப்பதில்லை. பள்ளி தீர்மானிக்கிறது. தேர்வுக்கு ஏற்பாடு செய்யும்போது பள்ளி ஒரு வெளியீட்டுத் தெரிவைக் குறித்துக் கொடுக்கிறது. 1ஆம் தெரிவு என்றால் ஏழு நாள் கழித்துப் போகும். வேறு சில தெரிவுகளில் 60, 90, 120 நாள் கழித்துப் போகும். 8ஆம் தெரிவு என்றால் ரெக்ரூட்டருக்குப் போகவே போகாது, மாணவருக்கும் பள்ளி ஆலோசகருக்கும் மட்டும் தெரியும். மேரிலாந்து மாநிலம் 2010இல் சட்டமே போட்டது: பள்ளிகள் மதிப்பெண்ணைத் தானாக ரெக்ரூட்டருக்கு அனுப்பக் கூடாது, அனுப்ப விரும்பும் மாணவர் தானே அனுப்பிக்கொள்ளட்டும். மற்ற பல மாநிலங்களில் இது அந்தந்தப் பள்ளியின் விருப்பம்.

இங்கே மூன்று வழிகள். எழுத வேண்டாம் என்று சொல்வது முதல் வழி. எந்த மத்திய அரசுச் சட்டமும் இந்தத் தேர்வைக் கட்டாயமாக்கவில்லை. பள்ளி எல்லாரையும் உட்காரவைத்தாலும், என் பிள்ளை எழுதாது என்று பெற்றோர் எழுதிக் கொடுக்கலாம். இரண்டாவது, பள்ளி ஆலோசகரிடம் எந்தத் தெரிவு குறித்திருக்கிறீர்கள் என்று கேட்டு, 8ஆம் தெரிவாக மாற்றச் சொல்வது. இது உங்கள் பிள்ளைக்கு மட்டுமல்ல, அன்று எழுதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும் என்பதால் எனக்குப் பிடித்த வழி. ஆலோசகர்கள் பலர் மறுப்பதில்லை. சிலருக்கு இப்படி ஒரு தெரிவு இருப்பதே தெரியாது, அல்லது பல ஆண்டுகளாக அதே பழைய குறியையே போட்டு வருகிறார்கள். இரண்டு மூன்று பெற்றோர் சேர்ந்து கேட்டால் காரியம் இன்னும் சுலபம். மூன்றாவது, தெரிந்தே எழுதவிடுவது. 11, 12ஆம் வகுப்பில் எழுதிய மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்குப் படையில் சேரச் செல்லுபடியாகும். சேரும் எண்ணமுள்ள பிள்ளைக்கு அது வசதி. 10ஆம் வகுப்பில் எழுதினால் அந்த மதிப்பெண் சேர்க்கைக்குச் செல்லுபடியாகாது.

பள்ளிக்கு வெளியே

பள்ளியை மட்டும் அடைத்தால் போதாது. பெண்டகனில் ஜே.ஏ.எம்.ஆர்.எஸ். என்ற விளம்பர, சந்தை ஆய்வுப் பிரிவு இருக்கிறது. 16 முதல் 25 வயதுக்காரர்களின் விவரங்களை ஓட்டுநர் உரிமத் துறைகள், தனியார் தகவல் வியாபாரிகள், செலக்டிவ் சர்வீஸ் (கட்டாய ராணுவச் சேவை தேவைப்பட்டால் அழைப்பதற்கான பதிவேடு) ஆகியவற்றிடமிருந்து திரட்டிப் பெரிய தரவுத்தளமாக வைத்திருந்தது. 2006இல் நியூயார்க்கில் சில மாணவர்கள் இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2007இல் சமரசம் ஏற்பட்டு, சமூகப் பாதுகாப்பு எண்ணைச் சேர்ப்பதில்லை, மூன்று ஆண்டுக்கு மேல் வைத்திருப்பதில்லை, வேண்டாம் என்பவர்களை விலக்குவதற்கான வழியைத் தெளிவாக்குவது என்று பெண்டகன் ஒப்புக்கொண்டது. இதிலிருந்து விலகத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பள்ளிக்குக் கொடுத்த கடிதம் இங்கே எடுபடாது. சில நிமிட வேலை, செய்துவிடுங்கள்.

உணவுக் கூடத்தில் போடும் மேசை வேறு விஷயம். கல்லூரிகளுக்கு இடம் தரும் பள்ளி அதைத் தடுக்க முடியாது, சட்டமே இடம் தருகிறது. கம்பியில் தொங்கி இத்தனை புல்-அப் எடுத்தால் டி-ஷர்ட், எடுக்காவிட்டால் ஒரு பேனா, ஆனால் இரண்டுக்கும் முன்னால் ஓர் அட்டையில் பெயர், பிறந்த தேதி, கைப்பேசி எண். வீட்டில் கடிதம் எழுதி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, பிள்ளை தன் கையாலேயே எண்ணை எழுதிக் கொடுத்திருக்கும். டி-ஷர்ட்டை வாங்கிக்கொள்ளட்டும், எண்ணைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ரெக்ரூட்டர் எத்தனை முறை வரலாம், எங்கே உட்காரலாம், வகுப்பு நேரத்தில் மாணவரை அழைக்கலாமா என்பதை மாவட்டம் ஒழுங்குபடுத்தலாம். கல்லூரிக்காரர்களுக்கும் அதே விதி இருந்தால் போதும். விதி இல்லாத மாவட்டத்தில் பள்ளி வாரியக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.

செலக்டிவ் சர்வீஸ் பதிவை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ஆள்சேர்ப்பு அல்ல, சட்டக் கடமை. 18 முதல் 25 வயது வரையுள்ள ஆண்கள், குடிமக்களோ கிரீன் கார்டுக்காரர்களோ, அதில் இருக்க வேண்டும். மறுக்கும் உரிமை கிடையாது. செல்லுபடியாகும் எச்-4 விசாவிலோ எஃப்-1 மாணவர் விசாவிலோ இருப்பவருக்கு விலக்கு உண்டு. ஆனால் 26 வயதுக்கு முன் கிரீன் கார்டு கிடைத்துவிட்டால் கடமை வந்துவிடும். மறுப்புக் கடிதம் எழுதியாயிற்று, இனி ராணுவம் தொடர்பாக ஒன்றும் இல்லை என்று நினைத்து இதை விட்டுவிட்ட பையனுக்குப் பின்னாளில் குடியுரிமை விண்ணப்பத்தில் சிக்கல் வரலாம். பையன் 18ஐ நெருங்கும்போது, பதிவு பற்றிய அன்றைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைக்கு ஆசை இருந்தால்

நம் வீடுகளில் ஆகாத பேச்சு இது. மருத்துவம், பொறியியல் என்று பேசும் இடத்தில் மகள் 'விமானப்படை' என்றால் அப்பா எழுந்து போய்விடுவார். அப்படிப் போய்விட்டால் கேட்பதற்கு ரெக்ரூட்டர் ஒருவர்தான் மிச்சம். பெற்றோரின் எழுத்து அனுமதி இல்லாமல் 17 வயதில் படையில் சேர முடியாது. 18 ஆனதும் அந்த அனுமதி தேவையில்லை. நம் கையெழுத்துக்கு மதிப்பிருக்கும் காலம் ஓர் ஆண்டுதான், அதை மிரட்டப் பயன்படுத்தினால் 18ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள் பிள்ளை தானாகப் போய்ச் சேர்ந்துவிடும்.

அதற்குப் பதில் ரெக்ரூட்டரை வீட்டுக்கே அழையுங்கள். காபி கொடுங்கள், கேள்வி கேளுங்கள். எந்த வேலை, எவ்வளவு காலம், பயிற்சிக்குப் பின் எங்கே அனுப்புவார்கள்? வாயால் சொன்னது ஒப்பந்தத்தில் இருக்கிறதா? முதல் முறை சேருகிறவருக்கு, நான்கு ஆண்டு என்று பேச்சில் சொன்னாலும், ரிசர்வ் (அழைத்தால் திரும்பிப் போக வேண்டிய) காலத்தையும் சேர்த்தால் மொத்தக் கடமை பொதுவாக எட்டு ஆண்டு. இதைக் கேட்டு முகம் மாறுகிற பெற்றோர் உண்டு, கையெழுத்துக்கு முன் மாறுவது நல்லதுதான். பள்ளியில் படிக்கும்போதே கையெழுத்திட்டு, பட்டம் பெற்ற பிறகு போகும் 'டிலேய்ட் என்ட்ரி' திட்டத்தில் சேர்ந்தவர், பயிற்சிக்குப் புறப்படும் நாள்வரை எழுத்துமூலம் விலகலாம். விலகினால் சிறை, கல்லூரியில் இடம் கிடைக்காது என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்.

மாற்று வழிகளையும் மேசையில் வையுங்கள். கல்லூரியில் படித்துக்கொண்டே ஆர்.ஓ.டி.சி. என்ற அதிகாரிப் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்து அதிகாரியாகலாம். தரைப்படையின் நான்காண்டு உதவித்தொகையில் முதல் ஆண்டு முடியும்வரை கட்டுப்பாடில்லாமல் விலகலாம். குடியுரிமை உள்ள பிள்ளை வெஸ்ட் பாயிண்ட், அனாபொலிஸ் போன்ற, படை அதிகாரிகளை உருவாக்கும் அகாடமிகளுக்கு விண்ணப்பிக்கலாம், அவற்றுக்குக் காங்கிரஸ் உறுப்பினரின் பரிந்துரை வேண்டும், 11ஆம் வகுப்பிலேயே வேலையைத் தொடங்க வேண்டும். உணவுக் கூட மேசையில் உட்காருகிறவரின் வேலை பெரும்பாலும் சிப்பாய்களைச் சேர்ப்பது. இந்த வழிகளை அவர் முதலில் சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஆகவே என் வரிசை இது. 10ஆம் வகுப்பு முடியும் கோடையில் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள். ஆகஸ்ட்டில் ராணுவத்துக்கு மட்டுமான மறுப்பைக் கொடுங்கள், ஆண்டு மலரைத் தொடாதீர்கள். பள்ளி திறந்த முதல் மாதத்திலேயே அஸ்வாப் பற்றி ஆலோசகரிடம் கேளுங்கள். பிள்ளைக்குப் படையில் ஆர்வம் என்றால் மறுப்பு இருந்தாலும் நீங்களே ரெக்ரூட்டரை அழைத்துப் பேசுங்கள். பல மாவட்டங்கள் மறுப்பை ஆண்டுதோறும் புதிதாகக் கேட்கின்றன. 12ஆம் வகுப்பிலும் மறக்காமல் கொடுங்கள். வேலை மாறி வேறு ஊருக்குப் போனால் புதுப் பள்ளியில் அன்றே எழுதிக் கொடுங்கள், பழைய கடிதம் பிள்ளையோடு சேர்ந்து வராது.